தாழ்ப்பாளும் சாம்பல் பொட்டலமும்

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்ததிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. குடியரசு தின அணிவகுப்புக்கு டில்லி போக எங்களில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்றதும், தேர்வுக்கு முன்பே சின்ன காஞ்சிபுரம் முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் ஸ்வெட்டர் கூட இரவல் வாங்கியாகிவிட்டது.

துப்பாக்கி சொல்லிக்கொடுத்த ஹவில்தார் ஆற்காட்டுக்காரர். த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியின் போல்ட்டை ஆட்டிக் காட்டினார்.

"இன்னாபா இது? உங்க வூட்டுக் கதவுத் தாப்பாதானே? தூக்கு, இழு, தள்ளு, சாய். அந்தக் காலத்துல ஜெர்மனியில பூட்டு செய்றவரு புள்ள ஒருத்தன் இத துப்பாக்கில வச்சான். அதுவரைக்கும் குழா வாயில மருந்த கொட்டி இடிச்சிக்கினு நின்னாங்க."

பூட்டுக்காரர் மகனால் முடிந்தது நெசவாளி மகனால் முடியாதா? எனக்கும் கை பரபரத்தது.

தேர்வுக்கு முந்தைய நாள் துப்பாக்கியைத் துடைக்கச் சொன்னார்கள். என் போல்ட் முழுக்க எண்ணெய். எண்ணெய் என்றாலே எங்கள் வீட்டில் அலறுவார்கள். பட்டில் ஒரு சொட்டு பட்டால் புடவை போச்சு. அதனால் தறியில் உட்காருமுன் அடுப்புச் சாம்பலைக் கையில் தேய்த்துப் பிசுக்கைப் போக்குவோம். வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் சாம்பல் கொண்டுபோய் போல்ட்டைத் தேய்தேய் என்று தேய்த்தேன். சொட்டு எண்ணெய் இல்லை. எவ்வளவு பெருமை எனக்கு!

மறுநாள் அதிகாரி முன்னால் நின்று போல்ட்டை இழுத்தேன். நறநறவென்று பாதி வந்து நின்றுவிட்டது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். அவருடைய பளபளப்பான பூட்ஸில் சாம்பல் கொட்டியது.

ஹவில்தார் ஓடிவந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னாபா இது?"

"சாம்பல் சார். பிசுக்கு போவட்டும்னு..."

"துப்பாக்கிக்கு விபூதி பூசினியா?"

அதிகாரி சிரித்தார். ஹவில்தார் சிரிக்கவில்லை. "உன் பேரைத்தான்பா நான் எழுதிக் குடுத்திருந்தேன்" என்றார் மெல்ல. அதிகாரி வேறொருவனைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்தால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எண்ணெயே காணாத எங்கள் தாழ்ப்பாள் வழக்கம்போல் சிக்கிக்கொண்டது. உள்ளிருந்து அம்மா கத்தினாள்: "தாப்பா வரமாட்டேங்குதுடா, கதவ ஒதை! டில்லிக்குப் போறவனுக்கு இதுகூட முடியாதா?"

உதைத்தேன். திறக்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.