ஆட்டுப்பட்டிக்குப் போன வெள்ளைக்காரர்

சவுதியில், தம்மாமில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்தான் பெயர். வெல்டர் மணப்பாடு, மெஸ்ஸில் சமைப்பவர் தொண்டி, நான் அருப்புக்கோட்டை. அம்மா அப்பா வைத்த பெயரெல்லாம் பாஸ்போர்ட்டோடு சரி.

எங்கள் சைட்டுக்கு இன்ஸ்பெக்டராக ஓர் ஆங்கிலேயர் இருந்தார். வேலையில் மகா கறார். வெல்டிங்கில் மயிரிழை பிசகினாலும், வெட்டி மறுபடி செய்யச் சொல்லி ரிப்பேர் எழுதிவிடுவார். மனதுக்குள் அவரைத் திட்டாத நாள் எனக்கு இல்லை. மதிய இடைவேளையில் மட்டும் ஆள் வேறு. பிறந்த ஊரான ஷெப்விக்குக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று லேப்டாப்பில் தேடிக்கொண்டே இருப்பார். பழைய வரிக் கணக்கில் ஒரு எழுத்து, சர்ச் பதிவில் வேறு எழுத்து, நிலப்படத்தில் இன்னொன்று. ஒரு மகானுபாவன் 'ஷீப்' என்று ஆடு இருக்க வேண்டிய இடத்தில் 'ஷிப்' என்று கப்பலையே எழுதி வைத்துவிட்டானாம். "எங்கள் ஊரில் குளம்கூடக் கிடையாது" என்று சொல்லிச் சிரிப்பார்.

சின்ன வயதிலேயே அந்த ஊரை விட்டு வந்தவர். ரிட்டயர் ஆனதும் அங்கேயே போய்விட வேண்டுமென்று ஒரு வீடும் வாங்கியிருந்தார். "என்னை ஊர்க்காரனாக ஏற்றுக்கொள்வார்களா?" என்று அடிக்கடி கேட்பார். இத்தனை ஆராய்ச்சியும் அதற்காகத்தான். பாவமாக இருந்தது எனக்கு.

ஒருநாள் பெயருக்கு முழு அர்த்தம் என்னவென்று கேட்டேன். ஆடு அடைக்கிற இடம் என்றார். எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் அப்படியொரு ஊரில்தான் விழ வேண்டும். மணப்பாடிடம் சொன்னேன்.

"அட, ஆட்டுப்பட்டில்லா! இவ்வளவு நாளா வெள்ளைக்காரர்னு நெனச்சிட்டிருந்தோமே!"

அன்றிலிருந்து அவர் ஆட்டுப்பட்டி சார். நாக்கை மடக்கி மடக்கி அவரும் சொல்லிப் பழகினார். ரிப்பேர் எழுதுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மெஸ்ஸுக்கு வந்து, கண்ணில் நீர் வடிய மீன் குழம்பு சாப்பிட்டார். அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குக் கிளம்பிய அன்று மணப்பாடு அழுதேவிட்டான். என்ன இருந்தாலும் அவர் எங்கள் ஆள்.

சில மாதங்கள் கழித்து வீடியோவில் வந்தார். ஊர்க் கூட்டத்தில் பெயரின் கதையை முழுக்கச் சொன்னாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். பக்கத்து வீட்டம்மா கேக் செய்து கொடுத்தாராம்.

"நல்ல மனிதர்கள். ஆனால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? தம்மாம்காரர்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு, "உன் ஊரில் உன்னை எப்படிச் சொல்வார்கள்?" என்று கேட்டார்.

போன லீவில் நான் பெட்டியோடு வாசலில் நின்றபோது, என் மகள்தான் கதவைத் திறந்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, சவுதிக்காரர் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அதை அவரிடம் சொன்னேன். திரைக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்.

"பழகிவிடுமா?"

"பழகிடும் சார்" என்றேன். எனக்கு இன்னும் பழகவில்லை.