இரண்டு கரையிலும் எழுதின பேர்கள்

அன்று எங்கள் கூலி லயத்து அறை வாசலில் இருந்தவர்கள்: நான். என் சம்சாரம் சின்னத்தாயி. மூன்று வயது மகள் பாப்பாத்தி. ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. ஒரு வெள்ளைக்காரர். அவர் ரப்பர்ப் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மலாயாவுக்கு வந்த ஆறு வருஷத்தில் எங்கள் வாசலில் ஒரு துரை உட்கார்ந்து பார்த்ததில்லை. தோட்டத்துத் துரை இல்லை, படிப்பாளி என்றார் கிராணி. எந்த ஊர் ஜனம் எந்த ஊருக்குக் கப்பல் ஏறுகிறது, ஏன் ஏறுகிறது, போன இடத்தில் தங்குகிறதா, திரும்புகிறதா என்று தேசம் தேசமாகப் போய் எழுதுவதுதான் அவர் வேலையாம். வரிக்கு இல்லை. பட்டாளத்துக்கு இல்லை. தெரிந்துகொள்ள மட்டும். இப்படியும் ஒரு வேலை உண்டா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

சொந்த ஊர் கேட்டார். மொரப்பூர் என்றேன். ஒரு படத்தை விரித்தார். கடலெல்லாம் கோடு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரும் கோடு கட்டைவிரல் தடிமன். தடிமன் என்றால் அத்தனை ஜனம் என்று கிராணி சொன்னார். நான் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த கடல் அது. அந்தக் கோட்டுக்குள் நானும் இருக்கிறேன். பிறகு சேலம் ஜில்லாவில் விரலை வைத்தார். மொரப்பூர் ஸ்டேஷன், எங்கள் கேழ்வரகுக் கொல்லை, ஒகேனக்கல் ஆறு, சித்தேரி மலை எல்லாம் அவர் நகத்துக்கு அடியில் அடங்கிப் போயின.

"உன் வீட்டில எத்தனை பேர்?" என்று கிராணி கேட்டார்.

"பதினொண்ணுங்க."

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "பத்தடி அறையில பதினோரு பேரா? அடுக்கி வச்சிருக்கியா?"

நான் எண்ணிச் சொன்னேன். ஊரில் ஆத்தா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் நாலு, தங்கச்சி. இங்கே நாங்கள் மூவர். "ஒரே அடுப்புங்க. பாகம் பிரியலைங்க."

இங்கே அறைதான் வீடு. நம் பக்கம் அடுப்புதான் வீடு. பாகம் வாங்கிப் போனவனைத்தான் தனியாக எண்ணுவார்கள். மொரப்பூரில் நான் ரயிலேறின அன்று அண்ணன் அழவில்லை. "போயிட்டு வாடா. நீ இல்லாத வூடுன்னு எவனையும் சொல்ல வுட மாட்டேன்" என்றார். எழுத்தில் தனிக் குடும்பம் என்று ஆகிவிட்டால் நானே பாகம் கேட்டதாக ஆகிவிடும். அந்த வீடு எனக்கு இல்லாமல் போகும். அதுதான் பயம்.

"இங்க இருக்கிறவங்களை மட்டும் சொல்லப்பா. துரை காத்திருக்கார்."

சின்னத்தாயி சொன்னாள். "மூணுன்னு எழுதுங்க சாமி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, புள்ள இங்கதான பொறந்தா. அவ பேரு எந்தக் காயிதத்துலயும் இல்லீங்க. இதுலயாச்சும் இருக்கட்டும்."

துரை மூன்று என்று எழுதி, பக்கத்தில் எங்கள் பேர்களையும் எழுதினார்.

அண்ணனுக்குக் கடுதாசி போட்டேன். இங்கே தனியாக எழுதிவிட்டார்கள், பாகமாக நினைக்க வேண்டாம். அவ்வளவுதான் எழுதினேன். பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை தூக்கம் சரியில்லை. அண்ணன் பேசினபடியே யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"இங்கயும் சர்க்கார் ஆளு தலைக்கணக்கு எடுக்க வந்தான். கடல் தாண்டினவனை எழுதக் கூடாதுன்னான். எந்தக் கடலு? பொண்டாட்டி புள்ளையோட ஒகேனக்கல்லுக்கு மீன் திங்கப் போயிருக்கான், பொழுது சாய வந்துருவான்னேன். பதினொண்ணுன்னு எழுதிக்கிட்டுப் போனான். பாப்பாத்தி மூக்கு யாரு சாடைடா? எழுது."

முகம் தெரியாத பிள்ளையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருஷம் அந்தத் துரை மறுபடி வந்தார். கடுதாசியைக் காட்டினேன். கிராணி படித்து இங்கிலீஷில் சொன்னார். கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"உங்க ஊர்க் கணக்கும் இந்தத் தோட்டத்துக் கணக்கும் துரை புஸ்தகத்துல இருக்காம். நீங்க மூணு பேரும் ரெண்டுலயும் இருக்கீங்களாம்" என்றார் கிராணி.

"ஒண்ணை அடிச்சுடணுமாங்க?"

"எதை அடிக்கிறதுன்னு உன்னையே கேக்கறார்."

சின்னத்தாயியைப் பார்த்தேன். அவள் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் இருக்கட்டுங்க" என்றேன்.

துரை பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அங்கே பதினொன்று. இங்கே மூன்று. மொத்தம் பதினாலு.