மவேனி குடித்த பால்

பிற்பகல் மூன்று மணி நான்கு நிமிடம். படத்தின் மூலையில் அந்த நேரம் பதிந்திருக்கிறது. படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

நான் உகாண்டாவின் கம்பாலாக்காரன். கென்யாவில், தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் காப்பகம் ஒன்றில் சம்பளமில்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதம் ஆகியிருந்தது. பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு குட்டியையும் படம் பிடிக்க வேண்டும். குட்டி இளைத்தால் படத்தில்தான் முதலில் தெரியும். மூத்த பராமரிப்பாளர் கிலோன்சோ என்னை நாட்டுப் பெயரால்தான் கூப்பிடுவார்.

“எடு உகாண்டா, எடு. நீ எடுக்கிற படத்தைக் குடிச்சே குட்டிங்க கொழுத்துடும்.”

மவேனி நான்கு மாதக் குட்டி. அதற்குப் பால் கொடுக்க ஒரு முறை உண்டு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, சாம்பல் நிறப் போர்வையைத் தொங்கவிடுவோம். ஆள் பின்னால் நின்று, போர்வையோரமாகப் பாட்டிலை நீட்ட வேண்டும். குட்டிக்கு அது தாயின் வயிறு. இன்னொரு விதி, தினமும் ஆள் மாற வேண்டும். ஒருவரிடமே ஒட்டிக்கொண்ட குட்டி, அவர் போய்விட்டால் பிழைக்காது.

எங்களோடிருந்த பராமரிப்பாளன் மகங்கா அந்த விதியை மீறினான். குட்டி அழுகிறது என்று மற்றவர்களின் முறையையும் தானே வாங்கிக்கொண்டான். பதினெட்டு நாள். எங்களுக்குத் தெரியும். தூக்கம் மிச்சம் என்று பேசாமல் இருந்தோம்.

திங்கட்கிழமை அவன் விடுப்பில் மலைமேலிருக்கும் தன் ஊருக்குப் போனான். அன்று மாலையிலிருந்து மவேனி பாட்டிலைத் தொடவில்லை. யார் நீட்டினாலும் தும்பிக்கையால் தள்ளியது. மகங்காவின் கைபேசி அணைந்திருந்தது.

வியாழக்கிழமை. மூன்று மணிப் பாலைக் கலக்கக் கிலோன்சோ சமையல் கொட்டகைக்குப் போயிருந்தார். நான் கேமராவோடு குட்டியின் எதிரே உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். காற்றே இல்லை.

ச்சப்... ச்சப்...

மவேனி போர்வையோரம் வாயை உயர்த்தியிருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. போர்வை நடுவில் புடைத்திருந்தது, பின்னால் யாரோ சாய்ந்திருப்பது போல. கிலோன்சோ மறுபக்கமாக வந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பாடா, குடித்துவிட்டது. ஒரு படம் எடுத்தேன்.

மூன்று ஆறுக்குக் கிலோன்சோ என் முதுகுப் பக்கமிருந்து வந்தார். கையில் இரண்டு பாட்டில். இரண்டும் நிறைய.

போர்வை தட்டையாகத் தொங்கியது.

குட்டி பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு நிறைந்த குட்டி போலப் படுத்துத் தூங்கியது. கிலோன்சோ அதன் உதட்டைத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

ஆறு மணிக்கும் அப்படியே... வெள்ளி காலை ஆறு. ஒன்பது. பன்னிரண்டு. பால் வருவதற்குச் சற்று முன் அந்தச் சத்தம். பிறகு தூக்கம். டாக்டர் குழாய் வைத்து ஊற்றினார். கக்கிவிட்டது. தொட்டால் விலா எலும்பு விரலில் தட்டியது.

மூன்று மணிக்குப் போர்வையைக் கழற்றினோம்.

வெறும் கயிறு.

மவேனி அதனடியில் போய் நின்றது. வாயை உயர்த்தியது.

ச்சப்... ச்சப்...

கயிறு தொய்ந்தது.

கிலோன்சோ தொப்பியைக் கழற்றினார். “யாரா இருந்தாலும் சரி, கொஞ்சம் தள்ளி நில்லு. பிள்ளை பட்டினி கெடக்கு.”

சத்தம் நிற்கவில்லை.

சனி, பிற்பகல் இரண்டு ஐம்பத்தெட்டு. நான் மறுபடி அழைத்தபோது மகங்காவின் எண் முதன்முறையாக அடித்தது. எடுத்தவர் அவன் அண்ணன். திங்களன்றே பைக்கை லாரி அடித்துவிட்டதாம். கைபேசி இத்தனை நாள் காவல் நிலையத்தில் கிடந்ததாம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தானாம். வியாழன் மூன்று மணிக்குச் சற்று முன்னால் உயிர் போய்விட்டதாம்.

எதிரே மவேனி எழ முடியாமல் எழுந்தது. கயிற்றை நோக்கி நடந்தது.

“கடைசி வரைக்கும் அந்தக் குட்டி பேச்சுதான் தம்பி. நான் போனாத்தான் குடிக்கும், விடுங்கன்னு எந்திரிச்சு எந்திரிச்சு விழுந்தான். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க...” அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். “அது இப்பக் குடிக்குதா?”