மடையை அடைத்தவரின் மஞ்சள் நெல்

மண் பார்க்கிற உத்தியோகத்தில் செருப்புக்கு வேலை கிடையாது. சேற்றில் நின்று சம்பளம் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நம்மவர்கள் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தீவில், ட்ரெகேட்டி என்ற நெல் விளைகிற ஊரில், நான் விவசாய அதிகாரி. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மண் சோதிக்கிறவர்கள் ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்கள். போகட்டும். எனக்குக் கால் இருந்தது, மூக்கு இருந்தது.

மூக்கு

சின்னசாமியின் நெல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இந்த நெல் வீடு வந்தால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு சிட்னியில் மகனிடம் போவது என்று முடிவு செய்திருந்தார். அவர் மனைவி முனியம்மாவுக்குப் போக இஷ்டமில்லை.

உரம் எழுதிக் கொடுங்கள் என்றார் சின்னசாமி. எழுதவில்லை. வயலில் இறங்கினேன். மிதித்த இடமெல்லாம் குமிழி, அழுகின முட்டை நாற்றம். ஒரு குத்து நெல்லைப் பிடுங்கினால் வேர் கறுப்பு. இதுவும் சோதனைதான். விஞ்ஞானம் கண்ணாடிக் குழாயில் மட்டும்தான் என்பவரோடு பேச எனக்கு நேரமில்லை. சேற்றை அள்ளி முகர்ந்தேன். வரப்பில் நின்ற முனியம்மா சொன்னாள்:

"ஆபீசருக்கு வீட்ல சோறு போடலியா? சேத்தைத் திங்கப் பாக்குறாரே!"

பக்கத்து வயல்

அதே மண், அதே விதை. ஆனால் பக்கத்து வயல் பச்சை. அந்த வயல்காரர் விதைத்த கையோடு குடும்பத்தோடு கனடா போய்விட்டார். மடையை அடைக்க ஆளில்லை, தண்ணீர் தானாக வடிந்து வேர் மூச்சு விட்டிருக்கிறது. சின்னசாமி வயலில் மடை இறுக அடைத்திருந்தது, தண்ணீர் நாள்கணக்கில் நின்று நாறியது. இதற்குமேல் மண்ணிடம் கேட்க ஒன்றுமில்லை. மனுஷனைக் கேட்டேன், ஏன் அடைத்தீர் என்று.

"வயலுக்குத் தண்ணி ஏத்துற பம்பை ஓட்டுனவன் ஊரை விட்டு ஓடிட்டான். நாளைக்கு இந்த ஊர்ல எது நிக்குமோ! இருக்கிற தண்ணியையும் விட்டுட்டு வாயில மண்ணப் போட்டுக்கவா, ஆபீசர்?"

மண்வெட்டி

தண்ணீரை வடித்துவிடும் ஐயா என்றேன். மாட்டேன் என்றார். முனியம்மா மண்வெட்டியை எடுத்துப் போய் மடையை வெட்டிவிட்டாள். அவர் கத்தினார். தண்ணீர் போயிற்று.

சேறு காய்ந்து கீறல் விட்டது. பிடுங்கிப் பார்த்தேன், கறுப்பு வேருக்கு நடுவே வெள்ளை வேர். பிறகு மழை பெய்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. நெல் தேறி வீடு வந்தது. அப்போதும் சின்னசாமி, "அடுத்த போகத்துக்குப் பம்பு?" என்று சிட்னிப் பேச்சை எடுத்தார். நெல்லைத் தூற்றிக்கொண்டே அவள் சொன்னாள்:

"நீ போறதுன்னா போய்யா. பம்பை நான் ஓட்டிக்கிறேன்."

வேருக்கு வைத்தியம் நான் சொன்னேன், பயத்துக்கு வைத்தியம் பார்க்க எங்கள் இலாகாவில் பிரிவு இல்லாததால் அதை அவளே பார்த்துக்கொண்டாள்.