கேட்டுக்கு அந்தாண்ட ஓர் ஊர்

ஆடி ஞாயிறு, காலை 8.40. முகப்பேரில் ஏறி, மதுரவாயலில் பேருந்து மாறி, கரையான்சாவடியில் இறங்கியபோது 9.35. வகுப்புத் தோழி செல்வியின் ஊர் அம்மன் கோயிலில் அன்று கூழ் வார்த்தல். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், "கேட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்றார். விழித்தேன். "ஊரு இப்ப ரெண்டா கீதும்மா" என்றார்.

10.05. செல்வியின் அம்மா கன்னியம்மாள் கூழ்ப்பானையை இடுப்பில் ஏந்தி முன்னே நடந்தார், செல்வியும் நானும் பின்னே. கோயிலுக்குச் செல்லும் ஊர்த்தெருவின் இருபுறமும் ஒரே நிறுவனத்தின் அடுக்குமாடிகள். முதலில் குழந்தைகள் விளையாடுவதாகச் சொல்லி ஒரு வேகத்தடை போட்டார்களாம். பிறகு, இரவில் மட்டும் ஒரு சங்கிலி. அடுத்து, எப்போதும் திறந்தே கிடந்த இரும்புக் கதவு. சென்ற ஆண்டு, பெயர் எழுத ஒரு நோட்டு. ஒவ்வொன்றும் சண்டையிடத் தோன்றாத அளவுக்குச் சிறியது. அந்த அளவைக்கூட யாரோ யோசித்தே தேர்ந்திருக்க வேண்டும்.

அன்று கதவு பூட்டியிருந்தது. 'இன்று முதல் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்றது பலகை. என் கைப்பையைப் பார்த்த காவலாளி, எதுவும் கேளாமல் எனக்குச் சிறுகதவைத் திறந்துவிட்டார். அந்தத் தெருவை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அங்கேயே பிறந்த கன்னியம்மாளிடம், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"இன்னா நைனா இது? ஆத்தாளத்தான் பாக்கணும்."

"அவங்க எந்த பிளாக்கும்மா?"

அவர் கேலி செய்யவில்லை. அப்படிக் கேட்கப் பழக்கியிருக்கிறார்கள். விவரம் புரிந்ததும், உள்ளே விட்டால் தம் வேலை போய்விடும் என்று தலைகுனிந்தார். உள்ளே நுழைந்திருந்த நான் வெளியே வந்துவிட்டேன்.

கண்ணெதிரே தெரிந்த கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றி நடந்தோம். வழியில் செல்வி பானையை வாங்கப் போனாள், கன்னியம்மாள் கொடுக்கவில்லை. "சங்கிலி போட்டப்பவே கேட்டுருக்கணும்டி" என்று மட்டும் சொன்னார்.

மாலை 4.15, முகப்பேர். வீட்டு வேலைக்கு வருவோர் இனி லிஃப்டில் ஏறக்கூடாது, படிக்கட்டில் வர வேண்டும் என்றொரு யோசனை, எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள்களாகக் கிடந்தது. அப்பா உட்படப் பலர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். நானும் அதைப் படித்துவிட்டுக் கடந்து போனவள்தான். இப்போது, 'இதை நான் எதிர்க்கிறேன்' என்று எழுதி அனுப்பினேன்.

கூடத்தில் அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் படித்தார்.

"இவ்ளோ சின்ன விஷயத்துக்கா எழுதுவ?" என்றார்.