காயிலுக்கு வைத்த பொட்டு

ஈக்காட்டுத்தாங்கலில் எனக்கு, செப்புக் கம்பி சுற்றி மோட்டார் காயில் கட்டும் கடை. அங்கிருந்து எந்த மோட்டாரும் பொட்டில்லாமல் வெளியே போனதில்லை. வேலை முடிந்ததும் சந்தனம், அதன்மேல் குங்குமம்; அது என் மனைவியின் பொறுப்பு. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். அந்தப் பொட்டு எனக்கு ஒரு தைரியம்.

அடையாறில் ஆராய்ச்சி செய்கிற என் மகளும் ஒரு காயில்தான் கேட்டாள். ராக்கெட்டுக்கு. சூரியனுக்குள் அணுவோடு அணு சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு நெருப்பை மூட்டினால், விண்கலத்தைத் தள்ளவும் செய்யலாம், அதற்கு வேண்டிய கரண்டும் எடுக்கலாமாம். வெயில் மங்கிப்போகிற தூரத்தில் சோலார் பலகை போதாதாம்.

"அந்த நெருப்பை எந்தப் பாத்திரமும் தாங்காதுப்பா. காந்தத்தாலதான் பிடிச்சு ஒரு பக்கமா திருப்பிவிடணும்."

அந்த நெருப்பு வர இன்னும் காலமாகும். இப்போதைக்கு, மின்னல் மாதிரி ஒரு சின்ன ஒளியைக் காந்தம் திருப்புகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். இந்தத் தடவை கெட்டுப்போனால், ஆய்வகத்தில் அவளுக்கு மறுபடி முறை வர மாதக்கணக்காகும்.

கரண்ட் ஏற்றினால் காயில்தான் காந்தம். கட்டிக் கொடுத்தேன். அவள் எடுத்துப்போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"பொட்டு வெச்சியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வெக்காம அனுப்புவேனா? நம்ம பொண்ணு வேலையாச்சே, கொஞ்சம் பெருசாவே வெச்சேன்."

காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த இரும்புத் தொட்டிக்குள் அதை வைப்பார்கள்; விரல் அழுக்குகூட ஆகாது என்று மகள் சொல்லியிருந்தாள். போன் போட்டேன், எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அடையாறுக்கு ஓடினேன். வழியில் எந்த சிக்னலும் எனக்குப் பச்சை காட்டவில்லை.

மகள் கையுறையோடு வெளியே வந்தாள்.

"அம்மா பொட்டு..." என்றேன்.

"நான் நம்ம வீட்டுலதானப்பா பொறந்தேன்? பெட்டியைத் திறந்ததும் அதைத்தான் தேடினேன். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாச்சு. வந்ததே வந்தீங்க, இருந்து பாத்துட்டுப் போங்க."

கரண்ட் ஏற்றினார்கள். காயில் கருகினால் முதலில் என் மூக்குக்குத்தான் தெரியும். இங்கே தொட்டிக்குள் இருந்து என்ன வாசனை வரும்? தொட்டியில் பதித்திருந்த கண்ணாடி வட்டத்தில் கண்ணை வைத்து நின்றேன். உள்ளே ஊதா வெளிச்சம் புகை போலப் பரவிக் கிடந்தது. பிறகு மெல்லச் சுருங்கி, நான் கட்டிய வளையத்துக்குள் புகுந்து, ஒரே பக்கமாக நேராகப் பாய்ந்தது. காயில் தாங்கியது.

அவளுடைய பேராசிரியை, "யார் கட்டினது?" என்று கேட்டார்.

"எங்கப்பா" என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

எனக்குக் கண்ணாடி மங்கலாகிவிட்டது. விலகி நின்றபோதுதான் தொட்டியின் வெளிக்கதவைப் பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மகளின் நெற்றி வெறுமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அவளோடது ரொம்பச் சின்னப் பொட்டாச்சே" என்று குறைபட்டாள். அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இறங்கவே இல்லை.