ஏழாம் தூணின் க்யூப்கள்

செபஸ்தியான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர். இருபத்திரண்டு வருடங்களாகக் கான்கிரீட் க்யூப்களை உடைப்பதுதான் அவர் வேலை. தூணுக்குப் போடும் கலவையிலேயே கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் இடுவார். மறுநாள் அச்சைப் பிரித்து, க்யூபை இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார். பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்குவார். எந்த எண்ணில் உடைகிறதோ அதுதான் தூணின் பலம். பத்தாவது வரைதான் படிப்பு.

மோகனூரில் பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டடம். அதைக் கட்டும் அவர் கம்பெனி முதன்முறையாகத் தரச்சான்றுக்கு விண்ணப்பித்திருந்தது. அது கிடைத்தால்தான் அடுத்த டெண்டர் போட முடியும். வியாழக்கிழமை அதற்காகப் பதிவேடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் வருவதாக இருந்தது.

செவ்வாயன்று ஏழாம் தூணின் மூன்று க்யூப்களை உடைத்தார். இருபத்தைந்து வந்தால் போதும். வழக்கமாக முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வரும். முதலாவது நாற்பத்தாறில் உடைந்தது. அடுத்தது நாற்பத்தைந்து. கடைசி நாற்பத்தேழு.

"தூணு ரயிலையே தாங்குமாட்ட இருக்குதுங்கண்ணா" என்று சிரித்தார் மேனேஜர் ஜெகதீஸ்வரன்.

"இது நம்ம கலவை இல்ல சார்."

கலவை போட்ட அன்று செபஸ்தியான் ஊரில் இல்லை. மனைவி இசபெல்லாவுக்குக் கண் ஆபரேஷன். அச்சை நிரப்பியவர் கொத்தனார் வேலுசாமி. கூப்பிட்டுக் கேட்டார்.

"அச்சுல மட்டும் ரெண்டு கரண்டி சிமெண்டு சேத்துப் போட்டனுங்க. நீங்க இல்லாத நேரத்துல பெயிலாயிப் போச்சுன்னா உங்களுக்குத்தானுங்க கெட்ட பேரு."

"தூணுக்கு?"

"அதுக்கு எப்பவும் போலத்தானுங்க."

ஜெகதீஸ்வரன் பதிவேட்டை நகர்த்தி வைத்தார். "முப்பத்திரெண்டுன்னு எழுதிப்போட்டுப் போய்ச் சாப்புடுங்கண்ணா."

செபஸ்தியான் மூன்று எண்களையும் வந்தபடியே எழுதினார். கீழே, 'இவை ஏழாம் தூணின் கலவை அல்ல. அத்தூணின் பலம் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குள் அந்தத் தூணின் மேல் பிரசவ அறைக்கான தளம் ஏறியிருந்தது.

"இதையா ஆடிட்டர்கிட்டக் காட்டப் போறீங்க?"

"கேட்டா காட்டித்தானே ஆகணும் சார்."

ஆடிட்டர் அந்த இரண்டு வரிகளையும் திரும்பப் படித்தார். எழுதியது யார் என்று மட்டும் கேட்டார். தரச்சான்று மூன்று மாதம் தள்ளிப்போனது. டெண்டர் வேறொருவருக்குப் போயிற்று.

தூணில் துளையிட்டு உருளையாக ஒரு துண்டு எடுத்தார்கள். இயந்திரம் ஓடி முடியும்வரை செபஸ்தியான் பக்கத்திலேயே நின்றார். துண்டு இருபத்தொன்பதில் உடைந்தது. தளத்தை இடிக்க வேண்டியதில்லை.

"நல்ல தூணுதானுங்களேண்ணா. இதுக்கா இத்தனையும்?" என்றார் ஜெகதீஸ்வரன். குரலில் கோபம்கூட இல்லை.

"நேத்து வரைக்கும் அது நமக்குத் தெரியாதே சார்."

அடுத்த வாரம் செபஸ்தியானை ஆத்தூர்க் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே கம்பி இறக்குவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். க்யூப் கிடையாது. பஸ் ஏற்றிவிட வேலுசாமி வந்தார். பையைத் தானே வாங்கிக்கொண்டார்.

"என்னாலதானுங்க எல்லாம்."

"இப்ப அச்சு யாரு போடறா?"

"நானுங்க."

"சிமெண்டு சேக்காத."

"சேக்கறதில்லீங்க" என்றார் வேலுசாமி. பஸ் வந்ததும் முதலில் ஏறி, ஜன்னலோர இடத்தில் பையை வைத்துவிட்டு இறங்கினார்.